பெட்ரோல் குடிக்கும் பைக்கும் என் பெயரும்

கென்யாவின் நகுருவில் உட்கார்ந்துகொண்டு, பனி பெய்யும் ஊர்க்காரர்களுக்கு எந்தப் புல்வெட்டும் இயந்திரம் நல்லது என்று வருஷக்கணக்கில் எழுதியவள் நான். அந்த இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கட்டுரைக்கு அடியில் டேவிட், ஸ்டீபன் என்று எவன் பெயராவது இருக்கும். காசு வந்தது, வாங்கிக்கொண்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை.

அதனால்தான் பைக் உதிரிபாகக் கடைக்காரர் கதோகோ தன் இணையதளத்துக்கு எழுதக் கூப்பிட்டபோது முதலிலேயே கேட்டுவிட்டேன்.

"என் பேரைப் போடுவீங்களா?"

"பைக்கைப் பத்திப் பொம்பளை எழுதினா எவன் நம்புவான்? 'மெக்கானிக் ஜோ'ன்னு போட்டுக்கலாம்."

"கூகுள்ல தேடினா உங்க கடை முதல்ல வரணும், அவ்வளவுதானே? வந்துச்சுன்னா என் பேரு, எங்கப்பா பேரோட."

"வந்தா பாக்கலாம், மேடம்."

"பாக்கலாமெல்லாம் வேண்டாம். சரின்னு சொல்லுங்க."

"சரி தாயே, சரி!"

முதல் கட்டுரைக்கு 'இருசக்கர வாகனங்களில் எரிபொருள் சிக்கன மேலாண்மை' என்று தலைப்பு வைத்தேன். என்ன கம்பீரம்! படித்தவர்கள் கதோகோவும் அவர் மனைவியும்தான். 'எரிபொருள் சிக்கனம்' என்பதை வரிக்கு வரி திணித்தும் பார்த்தேன். தேடலில் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. ஏழாம் பக்கத்துக்கு எவன் போகிறான்?

கடுப்போடு டீ குடிக்கப் போனேன். பைக் டாக்சிக்காரர்கள் சவாரிக்குக் காத்து நிற்கும் மூலை அது. என் அண்ணன் ஒபாரேயும் அங்கேதான் ஓட்டுகிறான்.

"வாங்க, கம்ப்யூட்டர் ராணி! வெள்ளைக்காரனுக்கு இன்னைக்கு என்ன வித்தீங்க?" என்றான்.

"முதல்ல உன் வண்டியைப் பாருண்ணே. புகையா கக்குது."

"அதை ஏன் கேக்குற! பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளுது. எந்தக் குடிகாரனும் இப்படிக் குடிக்க மாட்டான்."

பக்கத்து வண்டி மசிகா தலையாட்டினான். "எனக்கும் அதேதான். பைக் ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்குதுன்னு போன்ல தட்டிப் பாத்தேன். என்னென்னமோ வருது, ஒரு மண்ணும் புரியல."

வாயில் போட்ட மண்டாசிப் பணியாரத்தை மெல்லவே மறந்துவிட்டேன். போனில் தேடுகிறவன் புலம்புகிறான். புலம்பலைத்தான் அப்படியே தட்டுகிறான். நானோ அவனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து காலை டீ அங்கேதான். என்ன கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மெக்கானிக்குகளைத் துளைத்து எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தலைப்பு: 'பைக் ஏன் இவ்வளவு பெட்ரோல் குடிக்குது?' முதல் பத்தியிலேயே பதில். அப்புறம் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், காற்றில்லாத டயர், இறுகிய செயின். கடைசியில் சோக். அதைக் கொஞ்சம் ஆசையோடுதான் எழுதினேன்.

மழைக்காலம் முடிகிற சமயம் கதோகோ போன் செய்தார்.

"மேடம், முதல் இடம்! மொம்பாசாவிலேருந்து ஃபில்டர் கேக்குறாங்க!"

"பேரு?"

"மாத்தியாச்சு தாயே, அப்பா பேரோட."

கால் தரையில் பாவவில்லை. நேராக அந்த மூலைக்குப் போனேன். அங்கே அண்ணன் வண்டியில் உட்கார்ந்து, போனை வைத்துக்கொண்டு ஊருக்கே படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

"கெமு, நீயும் எழுதறேன், எழுதறேன்கிறியே, இதைக் கேளு. இதுதான் எழுத்து. எவனோ பைக்கிலேயே பொறந்தவன்!" தொண்டையைச் செருமிக்கொண்டான். "'குளிரும் காலையில் இழுத்த சோக்கை மத்தியானம் வரை தள்ள மறந்துவிட்டு, பெட்ரோல் பங்க்காரனைத் திட்டும் அண்ணன்மார்களே...'"

மசிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "டேய், இது அப்படியே நீதான்! இந்த ஆளு உன்னை எங்கடா பாத்தான்?"

"அதான் எனக்கும் புரியல."

"கடைசி வரைக்கும் படிண்ணே," என்றேன்.

விரலால் தள்ளிக்கொண்டே போனான். நின்றான். போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கெமுன்டோ ஒகாரோ," என்று மெதுவாகப் படித்தான். "நம்ம அப்பா பேரு."

அண்ணன் குனிந்து, இழுத்தபடியே இருந்த சோக்கை முதலில் உள்ளே தள்ளினான். பிறகு வண்டி மேலேயே எழுந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"இது என் தங்கச்சி எழுதினதுடா!"

"சரியா கேக்கலண்ணே," என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான்.