இடது கைக்கான பூவேலை

ஒவ்வொரு காலையும் கம்பியூட்டரைத் திறந்ததும் அதே செய்திதான் ஸஹீதாவின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்: உங்கள் விண்டோஸ் பழையதாகிவிட்டது, மாற்றுங்கள். காத்தான்குடியில் கல்யாண உடுப்புகளுக்குப் பூவேலை செய்யும் கடை அவளுடையது. எந்தப் பூவை எங்கே தைப்பது என்று தையல் மெஷினுக்குச் சொல்வது அந்தக் கம்பியூட்டர்தான். வாவிக் காற்றில் துருவேறியும் ஒரு நாளும் அடம்பிடிக்காத சாமானை எதற்கு நோண்டுவது என்று செய்தியை மூடி மூடி விட்டாள். கடைசியில் பூவேலை மென்பொருளும் புது விண்டோஸ் இல்லாவிட்டால் திறக்கமாட்டேன் என்று முறைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கம்பியூட்டர் திருத்தும் இர்ஷாதைக் கூப்பிட்டாள்.

"டிஸ்க்ல இடமில்ல ராத்தா. முழுக்கத் துடைச்சுப் போட்டுத்தான் புதுசு ஏத்தணும்," என்றான் அவன். "உங்கட டிசைன் எல்லாம் எங்க இரிக்கு?"

"எல்லாம் திரையில முன்னுக்கே இரிக்கு. அதக் கொப்பி பண்ணினாக் காணும்," என்றாள். மெஷினில் நூல் அறுந்திருந்தது. அவள் கவனமெல்லாம் அங்கே இருந்தது.

பின்னேரம் புது விண்டோஸ் பளபளவென்று வந்து நின்றது. எதுவும் பழகிய இடத்தில் இல்லை. எரிச்சலோடு தேடித் தேடி, அழித்த கோப்புகள் போய்ச் சேரும் குப்பைக்கூடையைக் கண்டுபிடித்துத் திறந்தாள். வெறுமை.

"குப்பைக்குள்ள இருந்தது எங்க இர்ஷாத்?"

"குப்பைய ஆராவது கொப்பி பண்ணுவாங்களா?"

அவனைத் திட்டவும் முடியவில்லை. மணப்பெண்ணின் உம்மாமார் வந்து, இந்தப் பூ வேறு பிள்ளையின் உடம்பில் ஏறக்கூடாது, என் கண் முன்னாலேயே அழி என்று நிற்பது ஊர் வழக்கம். ஸஹீதாவும் அழிப்பாள். அவர்கள் படியிறங்கியதும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்வாள். கண் எரிய எரிய உட்கார்ந்து வரைந்த பூவை எந்தப் பைத்தியக்காரி நிஜமாக எறிவாள்?

நேற்று நஸீறா வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் மகளுக்கு நிக்காஹ். உடுப்பின் வலது கையில் வேலை முடிந்திருந்தது, இடது கை பாக்கி. அடுத்த கிழமை மதினியின் மகளுக்கும் கல்யாணமாம், இடது கை பாக்கி என்று சொல்லியும் கேட்காமல், இப்போதே அழி என்று ஒரே பிடியாக நின்றாள். ஸஹீதா அழித்தாள். திரும்ப எடுப்பதற்குள் கடைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டது, அப்படியே மறந்துபோனாள். இப்போது இடது கைக்குப் பூ இல்லை.

இர்ஷாத் என்னென்னவோ போட்டுக் கிண்டினான். வந்ததெல்லாம் திறக்காத கோப்புகள். புதிதாக வரைய நாள் போதாது. வரைந்தாலும் வலது கையோடு ஒத்துவராது. ஸஹீதா உடுப்பை மடித்துக்கொண்டு நஸீறாவின் வீட்டுக்குப் போனாள்.

"ராத்தா, அந்தப் பூ அழிஞ்சிட்டு. வலக் கையப் பிரிச்சிப் போட்டு, ரெண்டு கைக்கும் வேற பூ தைச்சுத் தாறன்."

நஸீறா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மதினிக்குக் குடுத்துட்டாய், என்ன?"

"அல்லாஹ் அறிய இல்ல ராத்தா! நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க. நான் அழிச்சன். அது இப்ப உண்மையாவே அழிஞ்சிட்டு."

"நீ அழிக்கிற ஆளா புள்ள?" நஸீறா சிரித்தாள். "ஊருக்கே தெரியும். நாங்க போனதும் திரும்ப எடுப்பாய் எண்டு எனக்குத் தெரியாதா? அழிக்கச் சொன்னா, வெக்கத்துக்காவது ரெண்டு கல்யாணமும் முடியுமட்டும் வெளிய காட்டமாட்டாய் எண்டுதான் சொன்னன்."

இத்தனை வருடமாக ஸஹீதா சொன்ன பொய்யைத் தெரிந்துகொண்டே தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்கு உண்மையைச் சொல்கிறாள், நம்ப ஓர் ஆள் இல்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மீது கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

நஸீறா உடுப்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள். "வேற ஆளுட்ட தைச்சிக்குவன். அடுத்த கிழமக் கல்யாணத்துல மதினிட மகள்ற கையில அந்தப் பூ இரிக்கா எண்டு பாப்பன்."