ஷாதிபூருக்குப் போன தடையாணை

அகிலா கோர்ட் அமீனா. சம்மனையும் உத்தரவையும் உரியவர் கையில் சேர்த்து, கையெழுத்து வாங்கி வருவது அவள் வேலை. பதினோரு வருஷமாகப் போர்ட் பிளேர் சந்துகளையெல்லாம் ஸ்கூட்டரில் அளந்தவள். அவளைக் கண்டதும் கதவைச் சாத்துகிறவர்கள்தான் அதிகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நீதிபதி ஒரு தடையாணையில் கையெழுத்திட்டார். நகரின் ஷாதிபூர் மேட்டில் ஒன்பது கடைகள் ஆக்கிரமிப்பு என்று சொல்லி, அவற்றை இடிக்க ஓர் அதிகாரி கிளம்பியிருந்தார். நோட்டீஸ் கிடையாது, விசாரணை கிடையாது. சைக்கிள் கடை சொக்கலிங்கம் எல்லோர் சார்பிலும் வழக்குப் போட்டிருந்தார். கடைக்காரர்கள் பக்கத்தைக் கேட்காமல் இடிக்கக் கூடாது என்றது ஆணை.

"ஜேசிபி அங்க போயாச்சு அகிலா. ஜல்தி போ!" என்றார் கிளார்க்.

நல்ல மழை. ஜங்லிகாட் தாண்டியதும் லாரி ஒன்று குறுக்கே நின்று பாதையை அடைத்திருந்தது. ஸ்கூட்டரை ஆட்டோ ஸ்டாண்டில் போட்டுவிட்டு, மழைக்கோட்டுக்குள் காகிதத்தை அணைத்தபடி அகிலா மேட்டில் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது முதல் கடையின் தகரக் கூரை பாதி சரிந்திருந்தது. போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். சனம் தையல் மெஷினையும் அரிசி மூட்டையையும் நனைய நனைய வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. குடைக்கு அடியில் நின்றிருந்த அதிகாரியிடம் நேராகப் போனாள்.

"கோர்ட் ஆர்டர், சார். ரிசீவ் கர்லீஜியே" என்று, வாங்கிக்கொள்ளும்படி நீட்டினாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஆபீசுக்கு வா" என்றார் இந்தியில்.

நாளைக்கு இங்கே கடையே இருக்காது. அகிலா நகரவில்லை.

"இப்பவே வாங்கணும், சார்."

"நான் யாரென்று தெரியுமா?"

"தெரியும், சார். ஆணையில உங்க பதவியைத்தான் எழுதியிருக்கு. அதனாலதான் உங்க கையில கொடுக்க வந்தேன்" என்று அவளும் இந்தியில் சொன்னாள். பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி ஆணையை உரக்கப் படித்தாள்.

இன்ஸ்பெக்டர் பிரவீன்குமார் அருகே வந்தார். காகிதத்தை வாங்கி, முத்திரையைப் பார்த்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"சார், இனி என் ஆளுங்க இங்க நிக்க முடியாது."

"உங்களை என் வேலைக்குப் பாதுகாப்பாகத்தான் அனுப்பினார்கள்!"

"சட்டப்படி நடக்கிற வேலைக்கு, சார்."

இன்ஸ்பெக்டர் கையசைக்க, ஜேசிபி ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். திடீரென்று மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி ஜேசிபியின் சக்கரத்தின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நேரத்தையும் எழுதச் சொன்னாள், எழுதினார். பன்னிரண்டு பத்து.

சொக்கலிங்கம் கும்பிட்டபடி ஓடி வந்தார். "தாயே, நீ காப்பாத்திட்டே!"

"நான் இல்லண்ணே. கேஸ் இன்னும் முடியலை, வக்கீலைப் போய்ப் பாருங்க" என்றாள். குரல் கண்டிப்பாகத்தான் வந்தது. ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது நனைந்த செருப்பு சளக் சளக்கென்று அடித்ததுகூட அவளுக்கு மேளம் போலக் கேட்டது. அந்த அதிகாரிக்கு ஆயிரம் பேரை ஏவ அதிகாரம் உண்டு. தனக்கு ஒரு காகிதத்தைக் கொண்டு சேர்க்க மட்டும்தான். இன்றைக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு மாதம் கழித்து அதே அதிகாரியின் ஆபீசிலிருந்து கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஒன்பது பேரையும் உட்காரவைத்து, அவர்கள் காட்டிய காகிதங்களைப் பார்த்து விசாரித்தார்கள். ஆறு கடைகள் தப்பின. சாக்கடையை மறித்துக் கட்டிய மூன்று போயின. அதில் ஒன்று சொக்கலிங்கத்தினுடையது.

புரோத்ராபூர் சாலையில் புதுக் கடை போட்டிருந்த அவரைப் பார்த்ததும் அகிலா தயங்கி ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"வருத்தமா இருக்காண்ணே?"

"இல்லாம இருக்குமா?" என்றவர், டயரை அழுத்திக் காற்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. அந்த ஆபீசர் எதிர்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து நானும் பேசினேன்மா. முழுசாக் கேட்டுட்டுத்தான் அவரால முடிவு சொல்ல முடிஞ்சது."

சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.