பழுது

கணினியில் இடமே இல்லை. வீட்டில் நான் பாடிப் பதிவுசெய்தவற்றையெல்லாம் தனி டிஸ்க்கில் ஏற்ற உட்கார்ந்தேன். அதிலும் அத்தனையும் கொள்ளவில்லை.

"அந்தப் பழுதெல்லாம் எதுக்குங்க? அழிச்சிருங்க," என்றாள் மனைவி சுகிர்தா.

'பழுது' என்று பெயரிட்ட ஃபோல்டரில் கெட்டுப்போன பதிவுகள் கிடந்தன. கண்டியின் இந்த மஹய்யாவ வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அங்கே நிலூஷாவின் குழந்தை வாயைத் திறந்தால் என் பாட்டு பாழ். எத்தனை முறை ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்திருப்பேன்!

அழிக்குமுன் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் வெறும் வீறிடல்தான். பிறகு வந்தவற்றில், நான் பாடத் தொடங்கியதும் அழுகை அடங்கியது. அடுத்த வருடப் பதிவில் ஏதோ மழலை. உற்றுக் கேட்டால் அது என் மெட்டு.

கடைசிப் பதிவில், பிள்ளையின் சத்தம் பொறுக்காமல் பாதியில் எழுந்துவிட்டிருக்கிறேன். கதவை அறைந்து சாத்துவதும் கேட்கிறது. பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன்.

நான் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைச் சுவருக்கு அப்பால் அந்தப் பிள்ளை பாடியது, சுதி பிசகாமல்.

"அழிச்சிட்டீங்களா?" என்றாள் சுகிர்தா.

"சத்தம் போடாத," என்றேன். "பாடுது."