சாந்தாமணி கஜம்

"இதென்ன அம்மணி, ஒரு கை மட்டும் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?"

கணவர் காளிச்சாமியின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாந்தாமணி செம்பை நிறுத்தினாள். காளிச்சாமியின் அக்கா, இவளுக்கு நங்கை முறையான வெங்கடம்மாள், தம்பியின் இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரலிலிருந்து மணிக்கட்டு வரை வெயிலே படாத வெளுப்பு. மற்றபடி உடம்பெல்லாம் கறுத்த மனுஷன்.

"ஒறை போட்ட கைங்க நங்கை. கால்ஃப் ஆடறவிங்க எடது கைக்கு மட்டும் ஒறை போடுவாங்க."

"எழுவது வயசுல அந்தக் குச்சியாட்டம் வேண்டாம் சாமின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனே! கேட்டானா?" வெங்கடம்மாள் அப்படியே ஒப்பாரிக்குத் தாவினாள்.

சாந்தாமணிக்கு அழுகை வரவில்லை. நேற்றுக் காலையில் கிளப்பிலிருந்து போனில் சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. 'குளத்தோரமா நின்னு பந்தை அடிச்சாருங்க, அப்படியே உக்காந்துட்டாரு.' அந்தப் பந்து குளத்தைத் தாண்டியதா, தண்ணிக்குள் விழுந்ததா? இழவு வீட்டில் இதை யாரிடம் கேட்பது? கேட்டால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக் காடாத் துணி விற்று நிமிர்ந்தவர் காளிச்சாமி. துணியை மடித்து வைத்திருக்கும் கனத்தைப் பார்த்தே இத்தனை கஜம் என்பார். அவரிடம் அளவில் வாலாட்ட எந்த வியாபாரிக்கும் தைரியம் கிடையாது. தறியை மகனிடம் விட்ட பிறகு கால்ஃப் பிடித்துக்கொண்டது. அதிலும் கஜக் கணக்குதான். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு தூரம் உண்டு, தன் கைக்கு எந்தக் குச்சி எவ்வளவு போகும் என்று தெரியாதவன் ஆடவே கூடாது என்பார். வீட்டுக்குப் பின்னால் விதைக்காமல் கிடந்த காட்டில் டேப் பிடித்துக் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, நம்பர் எழுதினார். சாயங்காலமானால் பின்வாசலில் நின்று அடிப்பார். அந்தக் கோடியில், மோட்டார் ரூம் பக்கத்தில், சாந்தாமணி பக்கெட்டோடு நின்று பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக் கத்துவாள். "ஏனுங்க, நூத்தி நாப்பதுங்க!" செவன் அயர்ன் என்ற குச்சிக்கு அதுதான் அவர் தூரம்.

இருதய ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் நாள், அதே குச்சியில் அடித்த பந்து நூற்றிருபதைக்கூடத் தொடவில்லை. புரை விழுந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எவ்வளவு சாந்தா?" என்று கேட்டார். பழைய கணக்கே வாயில் வந்தது. "நூத்தி நாப்பதுங்க!" அந்தத் தூரத்திலும் அவர் நெஞ்சை நிமிர்த்தியது தெரிந்தது. அதோடு விட்டாளா? நடந்து வந்து பார்த்துவிடப் போகிறாரே என்று பந்தைக் காலால் கல் வரைக்கும் தள்ளியும் வைக்கத் தொடங்கினாள். முந்தாநாள்கூட ஒரு பந்து கொழுக்கட்டைப் புல்லுக்குள் போய்க் கிடைக்கவில்லை. "உடு சாந்தா, எங்க போயிரப் போகுது" என்றார்.

என் வாயை நம்பித்தான் தூரம் போகாத சின்னக் குச்சியாக எடுத்திருப்பார். பந்து கண்ணெதிரே தண்ணிக்குள் விழுந்திருக்கும். அந்த அவமானத்தில்தான் நெஞ்சு நின்றுவிட்டதோ? நேற்றிலிருந்து இதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, பந்தலில் கிடத்தினார்கள். பத்து மணிவாக்கில் பிரான்சிஸ் மாலையோடு வந்தார். மதுக்கரைக்காரர், வாராவாரம் கூட ஆடுகிறவர், நேற்றும் பக்கத்திலேயே நின்றவர். மாலையைப் போட்டுவிட்டு இவளிடம் வந்து கும்பிட்டார்.

"தம்பி, கடசியா அடிச்ச பந்து எங்க உழுந்துச்சுங்க?"

"அம்மா, இப்பப் போயி..." என்று மகன் கிருபாசங்கர் அவள் தோளைத் தொட்டான். வெங்கடம்மாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கொளத்தத் தாண்டிருச்சுங்க அக்கா. கொடிக்குப் பக்கத்துலயே போயி நின்னுச்சு. நாஞ் சொன்னதும் 'பாத்தியா பிரான்சிசு'ன்னு ஒரே சிரிப்பு. அப்பறந்தான் உக்காந்தாரு."

"செவன் அயர்ன்லீங்களா?"

கண்ணீரோடு பிரான்சிஸுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "எங்கீங்க! ஃபைவ் அயர்ன், அது இன்னும் தூரம் போற குச்சி. நூத்தி நாப்பதுக்குச் செவன் போதும்னு வாய்தான் சொல்லும், கை பெரிய குச்சிக்குத்தான் போகும். கேட்டா, 'அது சாந்தாமணி கஜம்டா, ஊட்டுக்குள்ள மட்டுந்தான் செல்லும்'பாரு."

"எப்ப இருந்துங்க தம்பி?"

"ஆபரேசன் முடிஞ்சு ஆட வந்த மொத வாரத்துல இருந்தேங்க."

சாந்தாமணி பந்தலில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். துணியில் ஓர் அங்குலம் ஏமாறாத மனுஷன். எல்லாம் தெரிந்துகொண்டே ஒவ்வொரு சாயங்காலமும் "எவ்வளவு சாந்தா?" என்று கேட்டிருக்கிறார். இவள் கத்துகிற பொய்க்கு நெஞ்சை வேறு நிமிர்த்திக் காட்டியிருக்கிறார். "பாவி மனுசா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா!" என்று அவர் நெஞ்சின்மேல் விழுந்தாள். "அழுதுரு அம்மணி, அழுதுரு" என்று வெங்கடம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வண்டி மயானத்துக்குப் போன பிறகு பெண்கள் குளிக்க மோட்டார் ரூம் தொட்டிக்கு நடந்தார்கள். ஈரச் சேலையோடு திரும்பும்போது, புல்லுக்குள் சாந்தாமணியின் காலில் ஏதோ இடறியது. முந்தாநாள் பந்து. நூற்று நாற்பது என்று எழுதிய கல்லுக்கு எட்டாமல், நன்றாகவே பின்தங்கிக் கிடந்தது.

பின்வாசல் பக்கம் பார்த்தாள். பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பண்ற அம்மணி? ஈரத்தோட நிக்காத, வா!"

"வாரேனுங்க நங்கை" என்றாள். ஆனால் போகவில்லை. பந்தைக் காலால் மெல்லத் தள்ளிக்கொண்டே நடந்தாள். அது கல்லைத் தொட்டு நின்ற பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.