குதிரையின் குற்றம்

தெங்கி தன் குதிரையின் தோள்புண்ணிலிருந்து மூங்கில் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தபோது, நலம் விசாரிக்க வந்த ஹோரோ அவனுடைய முறிந்த காலைப் பார்க்காமல் குதிரையின் பின்தொடையைப் பார்த்தான். வெறுமனே பார்த்ததோடு நிற்கவில்லை. சந்தையில் பூசணிக்காய் வாங்குபவனைப் போல உள்ளங்கையால் தட்டியும் பார்த்தான். அவன் வாயில் பாக்கும் வெற்றிலைக்காயும் சுண்ணாம்பும் குழைந்து கிடந்தன. சிவந்த எச்சிலைக் குதிரையின் குளம்பருகே துப்பிவிட்டு, "கால் எப்படி இருக்கு, தம்பி?" என்றான்.

"எந்தக் கால கேக்கறீங்கண்ணே? என்னோடதா, இதோடதா?"

ஹோரோ பற்கள் தெரியச் சிரித்தான். "ரெண்டையுந்தான் கேக்கறேன். நல்லாத் தேறியிருக்கு. இன்னும் கொஞ்சம் புல்லு போடு."

குதிரை தேறியதில் ஹோரோவுக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிதான் தெங்கிக்கு அருவருப்பாக இருந்தது. சிரட்டையில் நெளிந்த புழுக்கள் அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவை பசிக்குத் தின்றன. தின்னும்போது நலம் விசாரிக்கவில்லை.

ஆண்டுதோறும் கடற்புழுக்கள் கரையேறும் காலத்தில் கடற்கரையாரும் மேட்டுப்புறத்தாரும் குதிரைகளில் எதிரெதிராகப் பாய்ந்து மர ஈட்டிகளை எறிந்துகொள்வார்கள். பசோலா என்னும் அந்த ஆட்டத்தில் ஈட்டியின் முனை மழுங்கியிருக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த விதி. களத்தில் சிந்தும் குருதியால் நெல் விளையும். அடிபட்டவன் அடித்தவனின் பெயரைப் பிறகு உச்சரிக்கக் கூடாது. பகை களத்தோடு முடிந்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் நினைவு தெரிந்த நாள் முதல் மதித்து நடந்தவன் தெங்கி. இந்த ஆண்டு ஓர் ஈட்டி அவனுடைய சாம்பல் நிறக் குதிரையின் தோளில் பாய்ந்தது. குதிரை சரிந்தது; அதன் அடியில் அவனுடைய இடது கணைக்கால் நொறுங்கியது. மழுங்கிய மரம் சதையைக் கன்றச் செய்யும், கிழிக்காது. அந்தப் புண்ணிலோ விரல் முழுவதும் நுழைந்தது. களத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதைக் கண்டார்கள். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஏனெனில், மறைத்து வைத்த குற்றம் ஒன்று இருந்தால்தான் ஒருவனுக்குக் களத்தில் அடிபடும் என்பதும் முன்னோர் சொல்லே. எனவே, எறிந்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. நீ என்ன செய்தாய் என்றே அவனிடம் கேட்டார்கள்.

பூசாரி தியாலா வீட்டுக்கே வந்து கோழியை அறுத்துக் குடலை விரித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "குத்தம் இருக்கு. சவாரி செஞ்சவன் மேல இருக்கா, குதிரை மேல இருக்கான்னுதான் தெரியல" என்றார்.

"நான் ஒரு தப்பும் பண்ணல, மாமா" என்றான் தெங்கி, பாயில் படுத்தபடியே, தலையை நிமிர்த்தி.

"நெசமாவா?"

"முன்னோர் மேல ஆணையா."

சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசாரி பெருமூச்சு விட்டார். "அப்ப குதிரைதான். செத்துப்போன ராது பெரியவரோட கல்லறைக்கு ஊர் கூடிக் கல்லிழுக்கற அன்னிக்கு, விருந்துக்கு அதையும் வெட்டிரலாம். அதுக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஞாபகம் வந்தா, ஊர் முன்னால சொல்லி ஒரு பன்னி குடு. ரெண்டு பேரும் சுத்தமாயிடுவீங்க."

தன் நேர்மையைத் தலைநிமிர்ந்து சொன்ன அதே மூச்சில் குதிரையைக் கத்திக்குக் கொடுத்துவிட்டோம் என்பது, எல்லாரும் எழுந்து போன பிறகே அவனுக்கு விளங்கியது.

அன்று தொடங்கி அவன் படுக்கவில்லை. மூங்கில் பத்தைகள் வைத்துக் கட்டிய காலை இழுத்துக்கொண்டு, கவட்டைக் கம்பை அக்குளில் கொடுத்து, வீட்டின் பின்புறக் கொட்டிலுக்குப் போனான். உட்கார்ந்தபடியே நகர்ந்து புல் அறுத்தான். புகையிலையைக் கசக்கிச் சாறு பிழிந்து புண்ணில் விட்டான். சாறு பட்டதும் குதிரையின் தோல் அலையடித்து நடுங்கும். கடிக்கத் தலையைத் திருப்பும். திருப்பிய வாயை அவன் தோளின்மேல் வைத்துக்கொண்டு, கடிக்காமல் மூச்சு விடும். அந்த மூச்சில் புல்லின் மணமும் சீழின் நாற்றமும் கலந்திருந்தன. "சும்மாதானே ஒக்காந்திருக்கே" என்று அவனுடைய தம்பியும் தன் குதிரைகள் இரண்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனான். நலமாக இருந்த அந்த இரண்டும் தண்ணீருக்கு முந்திக்கொண்டு ஓடின. நொண்டிகள் இருவரும், ஒருவர் நின்றால் மற்றவர் நின்று, பின்னால் போனார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் குறையவே இல்லை. வந்தவர்கள் வெற்றிலைக்காயைப் போல ஆளுக்கொரு குற்றத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். எருமையைத் திருடினாயா என்று ஒருவர் கேட்டார். மாமனாரைப் பழித்தாயா என்றார் மற்றொருவர். ஆற்றோரத்து வீட்டுக் கைம்பெண்ணின் பெயரைச் சொல்லாமல் சொல்லிக் கண்சிமிட்டியவர்களே மிகுதி. கேட்டுவிட்டுப் போகும்போது, எல்லாரும் தவறாமல் கொட்டில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பேசாம ஏதாச்சும் ஒரு தப்ப சொல்லித் தொலையேன்" என்றாள் மனைவி லோகே, மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே.

"எதச் சொல்ல?"

"கோழி திருடினேன்னு சொல்லு."

"கோழிக்கெல்லாம் கால் ஒடியாதாம். ஹோரோ அண்ணன் சொல்றாரு. பொம்பள விசயமா இருந்தாத்தான் பொருந்துமாம்."

லோகே கத்தியை நிறுத்தினாள். "அதச் சொல்லிப் பாரு. மிச்சமிருக்கற கால நான் பாத்துக்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு, கொட்டிலைப் பார்க்காமல், "அது குட்டியா இருக்கறப்போ நான் கஞ்சி ஊட்டினேன்" என்றாள்.

கல்லிழுப்புக்குச் சில நாள்களுக்கு முன்பு மேட்டுப்புறத்துப் போரா வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் பாக்குப் பையையும் கொண்டுவந்திருந்தான். அந்த ஈட்டி அவன் கையிலிருந்து புறப்பட்டது என்பது தெங்கிக்குத் தெரியும்; அது தெங்கிக்குத் தெரியும் என்பது போராவுக்கும் தெரியும். போரா பாக்கை நீட்டினான். பாக்கை மறுத்தால் பகை, பகை கூடாது. தெங்கி வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"வருத்தம் ஒண்ணும் இல்லயே, மாப்ள?"

"இல்ல."

போரா நெருங்கி உட்கார்ந்தான். "லேசாத்தான் சீவினேன். உங்க ஆளுங்க மட்டும் சீவலயா? எல்லாரும் கூராக்கிட்டு வர்றப்போ நான் மட்டும் ஒலக்கைய வச்சுக்கிட்டு என்ன செய்யறது, சொல்லு."

"என்னோடது மழுங்கத்தான் இருந்துச்சு."

"அதான் நீ இங்க ஒக்காந்திருக்கே" என்று சொல்லி, தன் சொல்லைத் தானே ரசித்து அவன் முதுகில் தட்டினான் போரா. எழுந்தபோது கொட்டிலை எட்டிப் பார்த்தான். "கல்லிழுக்க எங்களையும் கூப்டிருக்காங்க. விலாப்பக்கம் விருந்தாளிங்களுக்குத்தானே?"

அவன் தலை மறைந்ததும் தெங்கி வாயிலிருந்ததைத் துப்பினான். நாக்கை விரலால் வழித்துத் துப்பினான். துப்பத் துப்பச் சிவப்பாகவே வந்தது.

கல்லிழுக்கும் நாளன்று கல்லறைகளுக்கு நடுவே இரண்டு ஊரும் கூடியிருந்தன. குதிரை ஒரு பக்கம் கட்டப்பட்டிருந்தது. தெங்கி தன் வீட்டுப் பன்றியைக் கால்கள் கட்டி, தம்பியைக் கொண்டு தூக்கிவரச் செய்தான். அதைக் கண்டதும் கூட்டம் நெருங்கி வந்தது. கிழவிகள் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கல்லைக் கட்டியிருந்த கொடிக்கயிற்றைக்கூட விட்டுவிட்டு இளைஞர்கள் ஓடிவந்தார்கள்.

"ஞாபகம் வந்திருச்சா?" என்றார் தியாலா.

"வந்திருச்சு, மாமா." கவட்டைக் கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றான். "ஈட்டிய சீவினேன்."

கிழவிகள் கழுத்தை நீட்டினார்கள்.

"வீட்டுக்குள்ள ஒக்காந்து, யாரும் பாக்காம, என் ஈட்டி முனையக் கத்தியால கூராக்கினேன். குதிரையக் குத்தினாலும் குத்தட்டும்னு நெனச்சேன். முன்னோருக்கு அது தெரிஞ்சுபோச்சு. அதான் என்னைத் தள்ளிவிட்டாங்க."

சொல்லிவிட்டு முகங்களைப் பார்த்தான். ஒருவனுடைய பெயரையும் சொல்லாமல் எல்லாருடைய பெயரையும் சொல்லிவிட்டான். இரண்டு ஊர் ஆண்களும் எதிரே நின்றார்கள். யாராவது ஒருவன் தலையைக் குனிவான், ஒருவன் போதும். அந்த ஒரு குனிவுக்காகத்தான் அவன் தன் பெயரைக் கொடுத்திருந்தான்.

ஹோரோ உச்சுக் கொட்டினான். "சீ! நம்ம குடியில பொறந்துட்டு இப்படியா?"

விருந்தினர் வரிசையிலிருந்து போரா எழுந்தான். அவன் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது. "இந்த மாதிரி ஆளுங்களாலதான் பசோலாவே கெட்டுப்போச்சு" என்றான். இருபுறமும் இருந்த ஆண்கள் தலையசைத்தார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "அவ்வளவுதானா? அந்த ஆத்தோரத்துக்காரி கதை?" என்று கேட்டாள்.

பன்றி அறுபட்டது. தியாலா ஈரலை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் திருப்பிப் பார்த்து, "சுத்தம்" என்றார். குதிரையின் கயிறு அவிழ்ந்தது. விலாப்பக்கம் கிடைக்காத போராவுக்குப் பன்றியின் தொடை கிடைத்தது.

குற்றம் தீர்ந்ததற்கு அடையாளமாகப் பன்றியின் கீழ்த்தாடையை வீட்டு முகப்பில் மாட்ட வேண்டும் என்பது முறை. தந்தையும் பாட்டனும் கொடுத்த விருந்துகளின் தாடைகள் அங்கே வரிசையாகத் தொங்கின. கடைசியில் புதியது தொங்கியது. எலும்பில் ஒட்டிய சதையை ஈக்கள் மொய்த்தன. இனி அதற்கான கதையைக் கேட்பவர்களுக்கு யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதே முகப்பின் கூரை இறவாணத்தில், கட்டைவிரலைப் போல மழுங்கிய முனையோடு, அவனுடைய ஈட்டி செருகியபடியே இருந்தது. அதை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் அவன் கொட்டிலில் அமர்ந்து புகையிலைச் சாற்றைப் புண்ணில் விட்டான். ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் கூடத் தொடங்கியிருந்தது. குதிரை வாயை அவன் தோளில் வைத்துக்கொண்டது. வேலிக்கு அப்பால், ஹோரோவின் வீட்டில், கத்தி பச்சை மரத்தில் வழுக்கும் ஓசை கேட்டது. அடுத்த ஆண்டு ஈட்டிக்கான மரத்தை இப்போதே சீவி வைத்தால்தான் நன்றாகக் காயும். சற்று நேரத்தில் அடுத்த வீட்டிலும் அந்த ஓசை எழுந்தது. குதிரை காதுகளை நிமிர்த்தியது.

கடற்காற்றில் வேலிக்கு அடியில் வெள்ளைச் சீவல்கள் உருண்டு வந்தன. ஒன்று பறந்து குதிரையின் ஈரப்புண்ணில் ஒட்டிக்கொண்டது. தெங்கி மூங்கில் இடுக்கியைத் தேடி எடுத்து, குதிரைக்கு நோகாதபடி அதை மெல்லப் பற்றித் தூக்கி, புழுக்களைப் போட்டுவந்த சிரட்டையில் போட்டான்.