கருவாட்டுப் பெட்டியும் ஒரு கொழுவியும்

“ஏலாது எண்டால் ஏலாது கௌரி! நான் அந்தப் பெடியனுக்கு வாக்கு—”

“ஆரைக் கேட்டு வாக்குக் குடுத்தனீங்கள்? ஆரைக் கேட்டு—”

“குடுத்தாச்சு! பின்னேரம் வந்து கரவனைப் பாத்து விலை முடிக்கப் போறான்—”

“வரட்டும்! வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்! என்ரை கரவனிலை கை வைக்க விடமாட்டன்!”

கியூபெக்கின் புரோசார்ட்டில் அந்தத் தெரு வழக்கமாகப் பூனை நடந்தாலும் கேட்கிற தெரு. எதிர்வீட்டு மதாம் புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுச் செவி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் தமிழ் விளங்காவிட்டாலும், யார் வெல்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

வீட்டு வாசலில் கௌரியின் புருஷன் பேரின்பநாதனின் பெரிய வான் வண்டி. அதன் வாலில் பூட்டியபடி, வசந்தத்தில் வாங்கிய பழைய வெள்ளைக் கரவன், சக்கரம் பூட்டிய குட்டி வீடு. வானின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சண்டை முழுவதும் அந்த மூக்கைப் பற்றியதுதான்.

கட்டட வேலைக்காரரின் விடுமுறை வந்துவிட்டால் கியூபெக்கே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிடும். கௌரி வேலை செய்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் கார்டரியையும், அந்தக் குழந்தைகள் காப்பகத்தையும், அப்போதுதான் பூட்டுவார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் விடுமுறை என்றால் ரொறன்ரோ. ரொறன்ரோ என்றால் யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட், காற்றுப் போன மெத்தை, மேலே சாமத்தியச் சடங்கு. இந்த முறைதான் முதல் தடவையாக அவள் வாய் திறந்து சொன்னாள்: “நான் காஸ்பேக்குப் போகவேணும். கடலுக்குப் பக்கத்திலை, என்ரை கட்டிலிலை நித்திரை கொள்ளவேணும்.” அதற்காகத்தான் கரவன். நாளைக்கு விடியப் புறப்பாடு.

“ரொறன்ரோ அண்ணையும் அண்ணியும் என்ன சொல்லுவினம்? வாங்கி ரெண்டு மாதத்திலை வித்துப்போட்டம் எண்டு—”

“சொல்லட்டும். உயிரோடை இருந்து கேப்பம்.” பேரின்பநாதன் வானின் முன்சக்கரத்தைக் காட்டினார். “பாரும் இதை! புதுக் கொழுவி பூட்டியும் மூக்கு மேலை நிக்குது. அந்தக் கடைக்காரன் எங்களைப் பேய்க்காட்டிப்போட்டான்.”

கொழுவி என்று அவர் சொன்னது, கரவனை வானோடு பூட்டுகிற இரும்பு. போன மாதம் வெறும் உருண்டைக் கொழுவியோடுதான் ஒத்திகை ஓட்டம் போனார்கள். கரவன் தன் பாரத்தை வானின் வாலில் போட, முன்சக்கரம் றோட்டில் பட்டும் படாமலும் ஓடியது. கேரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிள் மாதிரி. எதிரே வந்தவர்களெல்லாம் லைட் அடித்துத் திட்டினார்கள். வானின் வெளிச்சம் அவர்களின் கண்ணுக்குள். பாலத்தில் ஒரு லொறி முந்தியபோது கரவன் நாய் வாலாட்டுவது போல இரண்டு பக்கமும் ஆடியது. வீடு வந்து சேர்ந்த பேரின்பநாதன் வண்டித் திறப்பை ஆணியில் மாட்டியவர்தான், பிறகு கரவனை இழுக்கவே மறுத்துவிட்டார்.

கௌரி விடவில்லை. விசாரித்தாள். இதற்கென்றே ஒரு கொழுவி இருக்கிறதாம். அதிலிருந்து இரண்டு இரும்புத் தண்டுகள் கரவன் பக்கம் நீண்டு சங்கிலியில் தொங்கும். சங்கிலியை இறுக்கினால் தண்டு வில்லாக வளைந்து, வாலில் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும், இன்னொரு பங்கைக் கரவனின் சக்கரத்துக்கும் தள்ளிவிடும். போன சனிக்கிழமை புருஷனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான், கரவனோடு கடைக்குப் போனாள்.

கடையில் இரண்டு அளவுத் தண்டு வைத்திருந்தார்கள். “கரவனின் முன்பக்கத்தில் எவ்வளவு சாமான் ஏற்றுவீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டான் கடைக்காரன்.

“ரியன், ரியன்,” என்றார் பேரின்பநாதன். ஒன்றுமில்லையாம்.

“போக்கூ, மெஸ்ஸியே! போக்கூ!” என்றாள் பின்னால் நின்ற கௌரி. நிறையவாம்.

கடைக்காரன் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தேவைக்கு மேல் தடித்த தண்டு போட்டால் கரவன் உதறும் என்று எச்சரித்தான். கௌரி அசையவில்லை. தடித்ததையே வாங்கினார்கள். அவனே பூட்டி, அளந்து, சரி என்றான். வானின் மூக்கு அன்றைக்கு அடக்க ஒடுக்கமாகத் தாழ்ந்துதான் நின்றது. இன்றைக்கு மறுபடி மேலே.

“அண்டைக்குச் சரியா இருந்தது,” என்றாள் கௌரி. “இண்டைக்கு ஏன் இல்லை?”

“கொழுவி இளகிப்போச்சு.”

“இரும்பு ஒரு கிழமையிலை இளகுமே? நில்லுங்கோ.”

உள்ளே போய், வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தாள். அந்தத் தடியில் இரண்டு ஒட்டுப்பொட்டு ஒட்டியிருந்தது. வான் தனியே நிற்கும்போது முன்சக்கர வளைவின் விளிம்பு எந்த உயரமோ, அங்கே சிவப்புப் பொட்டு. தண்டு இல்லாமல் கரவனைப் பூட்டியபோது விளிம்பு ஏறிய உயரத்தில் பச்சைப் பொட்டு. தண்டு இறுக்கியதும் விளிம்பு சிவப்புக்குக் கிட்ட இறங்கவேண்டும். அதுதான் கணக்கு. தடியைச் சக்கரத்தோடு நிமிர்த்திப் பிடித்தாள். விளிம்பு பச்சையை முத்தமிட்டுக்கொண்டு நின்றது.

“பாத்தீரோ? நான் சொன்னனான்—”

“சத்தம் போடாதேங்கோ. யோசிக்க விடுங்கோ.”

கரவனின் முன்பெட்டிக் கதவைத் திறந்தாள். திறந்த கையோடு அவளுக்கு மூக்கில் ஏறியது கருவாட்டு மணம். கட்டா, சுறா, நெத்தலி மூன்றும் தகரப் பெட்டிக்குள். அதற்குப் பக்கத்தில் அரிசி மூட்டை, கிரைண்டர், மிளகாய்த்தூள் வாளி, அடியில் கவிழ்த்து வைத்த பெரிய சமையல் கிடாரம்.

கௌரி அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

“இஞ்சேருங்கோ. கடைக்குப் போன அண்டைக்கு இந்தப் பெட்டிக்குள்ளை என்ன இருந்தது?”

பேரின்பநாதன் எதிர்வீட்டுப் புல்லைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கிறன்.”

“ஒண்டும் இருக்கேல்லை.”

“வெள்ளிக்கிழமை நான் முழுக்க அடுக்கி வைச்சனான் எல்லோ?”

“வெள்ளைக்காரன் வந்து திறப்பான், கருவாடு மணக்கும், என்ன நினைப்பான்? எல்லாத்தையும் இறக்கிக் கராஜுக்குள்ளை வைச்சனான். வந்து பேந்து ஏத்தினனான்.”

“ஐயோ ஆண்டவரே!” கௌரி தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் முகத்தில் சிரிப்புப் பொங்கியது. “பாரத்தை ஒளிச்சுப்போட்டு, பாரம் தாங்கிற சாமானைப் பூட்டுவிச்சிருக்கிறார்! அவன் வெறும் கரவனுக்கு அளந்து பூட்டியிருக்கிறான்! கடைக்காரன் பேய்க்காட்டேல்லை, நீங்கள்தான் அவனைப் பேய்க்காட்டினனீங்கள்!”

“கிடாரம் ஆருக்கு? காஸ்பேயிலை எங்கடை சனம் ஆர் இருக்கு?”

“ஆரும் வந்தால்?”

“ஆர் வாறது? மீனோ?”

“கதையை மாத்தாதேங்கோ. வாங்கோ, பிடியுங்கோ. இப்பவே சரிப்பண்ணுவம்.”

அவர் நகரவில்லை. வானின் மூக்கிலே கை வைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: “கௌரி. அண்டைக்குப் பாலத்திலை என்ரை கை ஸ்டியரிங்கிலை இருந்தது. வான் என்ரை கையிலை இருக்கேல்லை. நீர் பக்கத்திலை இருந்தனீர். அதுதான்.”

இத்தனை நாளும் அவள் அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள். கருவாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகே போனாள்.

“சரி. சிவப்புப் பொட்டுக்கு இறங்காட்டில் நானே கரவனை அந்தப் பெடியனுக்குக் குடுக்கிறன். சத்தியமா. இறங்கினால்?”

“இறங்கினால் பாப்பம்.”

அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். கிரைண்டரும் அரிசியும் கிடாரமும் பெட்டியை விட்டு வெளியே வந்தன.

“கடைசி மூலைக்குத் தள்ளுவம், பாரம் பின்னுக்குப் போகட்டும்,” என்றார் அவர்.

“விசரே? பின்னுக்குப் போட்டால்தான் இன்னும் வாலாட்டும். சக்கரத்துக்கு நேரே, நிலத்திலை வையுங்கோ. கருவாடு முன்னுக்கே இருக்கட்டும், அது பாரமில்லை, மணம் மட்டும்தான்.”

இனிச் சங்கிலி. ஒரு கண்ணி உயர்த்திக் கொழுவினால் தண்டு இன்னும் வளையும். பேரின்பநாதன் நீட்டுப் பிடியைப் போட்டு மூச்சடக்கி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இரும்பு அரைவாசி வந்து, திருப்பி உதைக்கப் பார்த்தது.

“விடுங்கோ, விடுங்கோ, பல்லு போகப்போகுது! கடைக்காரன் என்ன செய்தவன்? முதல் ஜாக்கை அல்லோ சுத்தினவன்!”

கரவனின் முன்காலில் இருந்த ஜாக்கை அவள் சுற்றினாள். பூட்டியபடியே கரவனின் முகமும் வானின் வாலும் சேர்ந்து எழும்பின. சங்கிலி தளர்ந்தது. ஒரு கண்ணி உயர்த்திப் பிடியை நிமிர்த்த, ‘டக்’ என்று இருந்தது. மற்றப் பக்கமும் ‘டக்’. சங்கிலி கழராமல் ஊசி குத்திப் பூட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இனிப்புப் பெட்டியோடு இறங்கினான் தமிழ்மாறன். பேரின்பநாதனோடு வேலை செய்கிற சென்னைப் பெடியன், கரவனுக்கு வாக்கு வாங்கியவன்.

“வணக்கம் அங்கிள், ஆன்ட்டி! என் வைஃப் ஸ்நேகா கேரவனை ஃபோட்டோ எடுத்துட்டு வரச் சொன்னா. என்ன, கிளம்புறதுக்கு ரெடியா இருக்கு போல?”

“தம்பி, அந்தப் பெட்டியை வையும். இந்தத் தடியைப் பிடியும்,” என்றாள் கௌரி. “சக்கரத்தோடை நேரா. நான் ஜாக்கை இறக்கிறன். எந்தப் பொட்டு எண்டு சொல்லும்.”

என்ன ஏது என்று கேட்காமல் அவன் குந்தியிருந்து பிடித்தான். கௌரி ஜாக்கைச் சுற்றச் சுற்ற வானின் வால் தாழ்ந்தது. பேரின்பநாதன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்; கட்டிய கைக்குள் விரல்கள் தாளம் போட்டன.

“கிரீன்ல இல்ல ஆன்ட்டி... நடுவுல... இன்னும் கீழ வருது... ஆன்ட்டி, ரெட்டுக்குப் பக்கத்துல! ஒரு நூல் மேல, அவ்ளோதான்! சூப்பர்!”

“வடிவாப் பாரும் தம்பி!”

“சத்தியமா ஆன்ட்டி! அங்கிள், நீங்களே வந்து பாருங்க!”

பேரின்பநாதன் வந்து முழங்காலில் இருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஒரு சுத்து ஓடிப் பாப்பம். நான் ஓடுறன், ஏறுங்கோ,” என்றாள் கௌரி.

தெருவின் முடிவில் அவள் மெல்லத் திருப்பினாள். ஸ்டியரிங் கைக்குள் இறுகி நின்றது. சொன்ன இடத்துக்குப் போனது. பெரிய றோட்டில் ஒரு லொறி உரசுவது போலக் கடந்தது. கரவன் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துவிட்டு நேரே வந்தது. கௌரிக்குக் கத்தவேண்டும் போல இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நிப்பாட்டும்,” என்றார் பேரின்பநாதன்.

அவள் பிரேக்கை அழுத்தினாள். “ஏனப்பா?”

“இறங்கும். மற்றப் பக்கம் வாரும். நான் ஓடவேணும்.”

முதல் சுற்றில் அவர் முகம் கல்லாக இருந்தது. வீட்டைத் தாண்டும்போது தமிழ்மாறன் கை காட்டினான், அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு கையால் ஓட்டினார். “பாரும், பாரும், விட்டுவிட்டுப் பிடிச்சாலும் நேரை போகுது!” மூன்றாம் சுற்றுக்கு யன்னலை இறக்கிவிட்டு ஹோர்ன் அடித்தார். எதிர்வீட்டு மதாம் புல்வெட்டும் மெஷினை விட்டுவிட்டுக் கை தட்டினாள். கௌரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். வானின் மூக்கு றோட்டைப் பார்த்துக்கொண்டு மறுபடி தெருமுனைக்கு விரைந்தது.

தும்புத்தடியைக் கையில் பிடித்தபடி நடுறோட்டுக்கே ஓடிவந்து நின்றான் தமிழ்மாறன்.

“அங்கிள்! அங்கிள்! அப்போ கேரவன் எனக்குக் கிடையாதா?”