முப்பத்தெட்டாம் கேள்வி

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் எண் நாற்பத்தொன்று. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பொதுமக்களில் பன்னிரண்டு பேர் வேண்டும்.

கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட டெரல் ஓட்ஸ் எதிரே இருந்தான். இரவல் கோட்டின் கை விரல்வரை தொங்கியது. சாட்சி ஒருவரும் இன்னும் பேசவில்லை. அதற்குள் எங்களிடம் கேட்டது, அவனுக்கு மரண தண்டனை கொடுத்துச் சாகடிக்க உங்களால் முடியுமா என்று. முடியாது என்ற பதினேழு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடியும் என்பவர்கள் மட்டும் மிஞ்சினால் அவன் கதை முடிந்தது. நான் எப்படியாவது உள்ளே இருக்க வேண்டும்.

நாற்பதாம் எண், ஹாலிஸ் பிரீட், எழுந்தார். "இவனுக்கெல்லாம் விசாரணை ஒரு கேடா ஐயா?"

நீதிபதி கனிவாகக் கேட்டார். "ஆனா ஆதாரத்தைப் பார்ப்பீங்கல்ல?"

"பார்க்கச் சொன்னா பார்க்கறேன்."

"நல்லது. நீங்க இருங்க."

அடுத்தது நான். அரசு வழக்கறிஞர் கிராண்டல் சிரித்தார்.

"மிஸ் டார்வர், மரண தண்டனைத் தாள்ல ஜூரித் தலைவர் கையெழுத்துப் போடணும். நீங்க தலைவரா இருந்தா போடுவீங்களா?"

"மரணம், ஆயுள் ரெண்டு தண்டனையையும் யோசிப்பேன் சார்."

"யோசிக்கறதைக் கேக்கல. பேனாவை எடுப்பீங்களா?"

"ஆதாரத்தைப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மாதிரியைத் திறக்குமுன் முடிவை எழுதினால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"பக்கத்துல இருக்கவரு தயங்கவே இல்லையே!" பெஞ்சுகளில் சிரிப்பு. கிராண்டல் நீதிபதியிடம் திரும்பினார். "சின்னப் பொண்ணு ஐயா. கொலைன்னா என்னன்னு பேப்பர்ல படிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். பறிகொடுத்தவங்க வலி இவங்களுக்கு எங்க தெரியப் போகுது? நீக்கிடுங்க."

"நீக்கியாச்சு. நீங்க போகலாம்மா."

போகவில்லை. வகுப்பில்கூட நான் கை தூக்கியதில்லை.

"காலையில தொண்ணூறு கேள்விக்குப் பதில் எழுத வச்சீங்க. மரண தண்டனைக் கேள்வி ஒண்ணை மட்டும்தான் படிச்சிருக்கீங்க. முப்பத்தெட்டைப் பாருங்க சார்."

கிராண்டல் தாள்களைப் புரட்டினார். "உங்கள் குடும்பத்தில் யாராவது கொலை செய்யப்பட்டதுண்டா... இங்க ஒண்ணும் எழுதலையே."

"எழுதினா அதைச் சொல்லி அனுப்பிடுவீங்கன்னுதான் எழுதல. தப்புதான்."

"மிஸ் டார்வர், போதும்," என்றார் நீதிபதி.

"டெக்சஸ்ல எங்கம்மாவைக் கொன்னாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. கொன்னவனுக்கு ஜெயில்ல விஷ ஊசி போட்டப்ப எனக்குப் பத்தொன்பது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து, அவன் மூச்சு நிக்கிற வரைக்கும் நான் பார்த்தேன்."